வரைபடத்தில் மீரியபெத்த எங்கே?

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முந்திய ஓர் இரவில், ரொறன்ரோவிலிருந்து என் தம்பியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். புவியியல் ஆசிரியை ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கிறாராம். உலகிலுள்ள தீம் பார்க்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் உலக வரைபடத்தில் புள்ளியாகக் குறிக்க வேண்டும். புள்ளியைத் தொட்டால் ஒரு சிறு பெட்டி திறந்து, அந்த இடத்தின் விபரங்கள் தெரியவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியவேண்டும்.

“பன்னிரண்டு இடம் வேண்டும், பெரியப்பா. பதினொன்று வைத்துவிட்டேன். ஒன்றாவது நம்முடைய ஊராக இருக்கவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். பதுளைப் பக்கம் ஏதாவது இருக்கிறதா?”

எங்கள் ஊர்ப்பக்கம் தீம் பார்க் என்று ஒன்றும் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் தன் கணினித் திரையை எனக்குத் திறந்து காட்டிவிட்டாள். பதினொரு புள்ளிகள். அனகைம், ஒர்லாண்டோ, டோக்கியோ, பாரிஸ், ஹொங்கொங், ஷங்காய் என்று டிஸ்னியின் ஆறு. கோபன்ஹேகனில் தீவோலி. நெதர்லாந்தில் ஏஃப்தெலிங். சென்னையில் இரண்டு; அவற்றுள் ஒன்று, ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன் தாம்பரத்துக்கு அருகே 1995இல் தொடங்கிய கிஷ்கிந்தா. கடைசியாகக் கொழும்பு–அவிசாவளைப் பாதைப் பக்கமுள்ள லெஷர் வேர்ல்ட். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே மாதிரி ஐந்து கட்டங்கள்: திறந்த ஆண்டு, பரப்பளவு, கருப்பொருள், நுழைவுக் கட்டணம், ஆண்டு வருகையாளர் தொகை.

பிறகு அவள் வரைபடத்தை இலங்கையின் மேல் நகர்த்தி, ஊவாவைப் பெரிதாக்கினாள். எங்கும் பச்சை. பச்சைக்கு நடுவே சில பெயர்கள்: தியலும நீர்வீழ்ச்சி, லிப்டன் சீட், எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், கூடாரத் தங்குமிடங்கள் சில. ஒரு கணம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டாள்: “லிப்டன் சீட்டில் வாசல் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, லிப்டனுடைய சிலை இருக்கிறது, கதையும் இருக்கிறது. அது ஏன் தீம் பார்க் இல்லை?”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு யோசித்தவற்றையும் பிறகு அவளுக்குச் சொன்னவற்றையும் சேர்த்து எழுதியதே இந்தக் கட்டுரை.

கேளிக்கைப் பூங்கா என்பது பழைய சரக்கு. கோபன்ஹேகனுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கும் பாக்கன் 1583இலிருந்து தன் வயதை எண்ணுகிறது. அதே நகரின் பழைய கோட்டை அரண் நிலத்தில் 1843 ஆகஸ்ட்டில் தீவோலி திறக்கப்பட்டது. மக்கள் களிப்பில் இருக்கும்போது அரசியல் பேசமாட்டார்கள் என்று சொல்லி, அதன் நிறுவுநர் கார்ஸ்டென்சன் மன்னரிடம் அனுமதி பெற்றார் என்பது அங்கே வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, சொன்னவர் விபரம் தெரிந்தவர்.

ஆனால் தீம் பார்க் வேறு. அங்கே ஊஞ்சலும் இராட்டினமும் மட்டும் போதாது. நிலத்தின் மீது ஒரு கதையைப் போர்த்தவேண்டும். அதன் நேரான மூதாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் உலகக் கண்காட்சிகள். அந்த வரிசையில் 1893இல் சிக்காகோவில் நடந்த கொலம்பியக் கண்காட்சிக்குத் தனி இடம் உண்டு. பெரிஸ் என்பவர் அமைத்த 264 அடி உயர இராட்டினம் முதன்முதலில் சுழன்றது அங்கேதான். அதைச் சுற்றியிருந்த நீண்ட வீதியில் கெய்ரோத் தெரு, ஜாவாக் கிராமம், தகோமிக் கிராமம் என்று, உயிருள்ள மனிதர்களையே காட்சிப்பொருளாக்கிய ‘கிராமங்கள்’ வரிசையாக இருந்தன. அந்தக் கண்காட்சிக் கட்டுமானத்தில் வேலை செய்த தச்சர்களுள் ஒருவர் எலியாஸ் டிஸ்னி. வால்ட் டிஸ்னியின் தகப்பனார்.

இதே சிக்காகோவில் இலங்கையும் இருந்தது. கண்டிய கோயிற் பாணியில், இலங்கை மரங்களையே கொண்டு எழுப்பிய ‘சிலோன் கோர்ட்’ என்ற மண்டபம். உள்ளே தேநீர்க்கூடம். கோப்பியைக் குடித்துப் பழகிய அமெரிக்கனுக்குச் சிலோன் தேயிலையைப் பழக்குவதே நோக்கம். கண்காட்சி முடிந்ததும் ஒரு செல்வந்தர் அந்த மண்டபத்தை வாங்கி, விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த் தன் கோடை மாளிகையாக்கிக் கொண்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஜெர்மானிய விலங்கு வணிகர் ஹாகன்பெக், இலங்கையரையும் யானைகளையும் ஒன்றாகக் கப்பலேற்றி ஐரோப்பிய நகரங்களில் காட்டியிருந்தார். ஆக, தேயிலையும் தீம் பார்க்கும் ஒரே மைதானத்தில் ஓடி விளையாடிய பங்காளிப் பிள்ளைகள்.

லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890இல். கோப்பிப் பூஞ்சண நோய் 1869இல் தொடங்கித் தோட்டங்களைத் தின்று தீர்த்தபின், மலிந்த விலையில் கிடந்த காணிகளை அவர் வாங்கினார். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னை அவற்றுள் ஒன்று. அவருடைய விளம்பரங்களில் கூடை சுமந்த ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். தேயிலை ‘தோட்டத்திலிருந்து’ நேரே குவளைக்கு வருவதாக வாசகம் சொன்னது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். இங்கே துரைமார் தமக்குள் பேசியபோது அது ‘எஸ்டேட்’. இலண்டன் சீமாட்டிக்கு விற்கும்போது அது ‘கார்டன்’, அதாவது பூங்கா. பூங்காவில் மலர் இருக்கும், மணம் இருக்கும், லயம் இராது.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். டிஸ்னிலாந்தின் பிறப்பே ஒரு வரைபடத்தில்தான். 1953 செப்டெம்பரில் ஒரு வார இறுதியில், ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை வால்ட் டிஸ்னி பக்கத்தில் உட்காரவைத்து, இல்லாத ஒரு பூங்காவை வானிலிருந்து பார்ப்பதுபோல் வரையச் செய்தார். இரண்டு நாளில் படம் முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணன் ரோய் டிஸ்னி நியூயோர்க்கில் பணம் தேடப் போனார். பணம் வந்தது. கலிபோர்னியாவில் 160 ஏக்கர் தோடந்தோட்டம் அழிந்து, 1955 ஜூலை 17இல் பூங்கா திறந்தது. முதலில் வரைபடம், பிறகு முதலீடு, அதன் பிறகே நிலம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மலைநாட்டின் கதைதான் நினைவுக்கு வந்தது. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய காணி என்று கொள்ள வழிசெய்தது. நில அளவையாளன் கோடு கிழித்த பிறகுதான் அது விற்கத்தக்க பொருளாயிற்று. இலண்டனிலும் கொழும்பிலும் மேசைமேல் விரித்த படத்தைப் பார்த்துப் பணம் போட்டவர்களுள் எத்தனை பேர் அந்த மலையைக் கண்ணால் பார்த்தார்கள்? ஏக்கர் தெரிந்தது, சரிவு தெரியவில்லை. தெரிந்தாலும் அதில் கோப்பி நிற்கும், தேயிலை நிற்கும் என்பதே கணக்கு. மனிதர் நிற்பார்களா என்பது கணக்கில் இல்லை.

தோட்டத்து ஆபீசில் துரையின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் தோட்டப் படத்தைச் சிறுவயதில் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். மலைகளுக்கு அதில் எண்தான் உண்டு: மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர். எங்கள் அம்மாயிக்கு அந்த எண்கள் கொழுந்து எடுக்கும் நேரத்தில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அது கோயில் மலை, சுடுகாட்டு மலை, பீலிக்கரை. அம்மாயியின் தோட்டம் மீரியபெத்த.

என் தாயாரின் பிறந்த வீடு அங்கே ஒரு லயத்துக் காம்பரா. திருவிழாக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் தம்பியும் நானும் கொஸ்லந்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறிப்போவோம். ஊருக்குக் கடிதம் போட்டால் அது அம்மாயியின் பெயருக்குப் போகாது. தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வந்துசேரும். வீட்டுக்கு எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டை எடுத்துக்கொண்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. என் மாமா ஒருவர் அந்தக் கணக்கில் கூடலூருக்குப் போனார். அங்கேயும் தேயிலை; அரசாங்கத்துத் தேயிலை என்பது மட்டும் வித்தியாசம். அம்மாயி போகவில்லை. மீரியபெத்தையிலேயே கண்ணை மூடினாள்.

தம்பி மகளின் கேள்விக்குத் திரும்பவேண்டும். லிப்டன் சீட் தீம் பார்க்கா? தீம் என்பதைத் தமிழில் கருப்பொருள் என்கிறோம். அகராதிக்காரர்கள் போகிறபோக்கில் எடுத்துக்கொண்ட சொல்தான். ஆனால் சரியான சொல்லை எடுத்திருக்கிறார்கள். நம் இலக்கணத்தில் கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்கு உரியவை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் எண்ணுகிறது. பின்னால் வந்த நம்பியகப்பொருள் அதைப் பதினான்காக விரித்து, ஊரையும் நீரையும் மட்டுமல்ல, அந்த நிலத்து மக்களையும் சேர்த்தது; உயர்ந்தோரை மட்டுமன்றி அல்லோரையும் சேர்த்தது. குறிஞ்சியைச் சொன்னால் குறவரைச் சொல்லியாகவேண்டும். ஆளில்லாத நிலம் நம் இலக்கணத்தில் நிலமே அல்ல.

இன்றைய தீம் பார்க்கின் கருப்பொருளோ ஆளை மறைப்பதில் இருக்கிறது. புளோரிடாவில் 1971இல் திறந்த மாய இராச்சியத்தின் அடியில் சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன. ஊழியர்கள் அவற்றின் வழியாகப் போய், தத்தம் காட்சியில் மட்டும் மேலே தோன்றுகிறார்கள். மேற்கத்தியக் கௌபோய் வேடமிட்ட ஊழியர் ஒருவர் எதிர்கால உலகின் ஊடாக நடந்துபோனதைக் கண்டு டிஸ்னி மனம் நொந்ததால் வந்த ஏற்பாடு என்று சொல்கிறார்கள். கதைக்குப் பொருந்தாதவர் கண்ணில் படக்கூடாது.

இந்த அளவுகோலால் பார்த்தால், எல்லவிலிருந்து லிப்டன் சீட் வரையிலான மலைத்தொடர் மெல்ல மெல்ல ஒரு பெரிய தீம் பார்க்காகிக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். வேலி மட்டும் இல்லை. பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் வந்த ரயில், கொழுந்துப் பெட்டியை இறக்கவும் அரிசி மூட்டையை ஏற்றவும் வந்தது. இன்று அதே ரயிலின் வாசற்படியில் தொங்கிப் படமெடுக்கவே உலகத்தின் அந்தத்திலிருந்து வருகிறார்கள். தெமோதரைக்கு அருகே 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரத்துக்குத் திருவிழாக் கூட்டம். முன்பு செங்குத்தான மலைகளில் கொழுந்துச் சாக்கைக் கம்பியில் கோத்துக் கீழே இஸ்டோருக்கு அனுப்புவார்கள். இப்போது எல்லவில் தேயிலை மலைக்கு மேலே அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பியில் மனிதர்கள் பறக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர் பறக்கும் இராவணன். தாம்பரத்தில் குரங்கரசு, எல்லவில் இலங்கேசன். இராமாயணம் இல்லாமல் நமக்குக் கேளிக்கையும் இல்லை போலும்.

இதில் எனக்குக் கசப்பு இல்லை. சுற்றுலாவால் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், வழிகாட்டியாகிறார்கள், ரொட்டிக் கடை போடுகிறார்கள். கொழுந்துக் கூடையைவிட அது மேல் என்று அவர்களே சொல்கிறார்கள். அதைக் குறைகூற, நகரத்தில் குடியேறிவிட்ட எனக்கு உரிமையில்லை. வரைபடத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரம்; இலங்கையில் இரண்டாவது. முதலாவதான பம்பரகந்தை 263 மீற்றர். அதுவும் இதே பதுளை மாவட்டத்தில்தான். இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு நீர் விழுகிறதென்றால், மத்திய மலைநாட்டின் தென்விளிம்பு அங்கே முறிந்து கீழே இறங்குகிறது என்று பொருள். பயணிக்கு அந்த முறிவு காட்சி. நிலவியல் அறிஞனுக்கு எச்சரிக்கை. அந்த விளிம்பில், லிப்டன் சீட்டுக்கும் தியலுமவுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருக்கிறது மீரியபெத்த.

அந்த எச்சரிக்கையை வரைபடமாக்கியும் இருந்தார்கள். 1986இலும் 1989இலும் ஏற்பட்ட பெரும் மண்சரிவுகளுக்குப் பிறகு, ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு, 1984இல் தோன்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடங்களை வரையத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு மாவட்டங்களில் ஒன்று பதுளை. ஒன்றுக்குப் பத்தாயிரம் அளவுத்திட்டம். அதாவது படத்தில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் 100 மீற்றர். ஒரு லயம் படத்தில் தெரியும் அளவு. சரிவின் சாய்வு, பாறையின் தன்மை, மண்ணின் ஆழம், நீரோட்டம், நிலப் பயன்பாடு எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்து, எங்கே சரியும் என்று நிறந்தீட்டிய படம். இதுவும் ஒருவகை ஒப்பீட்டு வரைபடந்தான். மீரியபெத்த ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை போயிருந்தது.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. இரவெல்லாம் மழை. காலை ஏழரை மணியை அண்டி மலை இறங்கியது. பள்ளிக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு மட்டுமல்ல, வீடு இருந்த இடமே இல்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைய ஒரு நாள் மிச்சம். அந்த ஐம்பதாம் ஆண்டைப் பற்றிய கட்டுரை ஒன்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

அங்கே கண்டதை அப்போதே பத்திரிகையில் எழுதிவிட்டேன். மீண்டும் எழுத மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதைந்தவர் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், அதற்கு மேலும் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. பல உடல்கள் எடுக்கப்படவேயில்லை. சேற்றின் ஓரத்தில் நின்ற ஒரு முதியவரிடம் அவருடைய லயம் எங்கே இருந்தது என்று கேட்டேன். கையை நீட்டினார். பிறகு கையை வேறு பக்கம் மாற்றினார். பிறகு கையை இறக்கிவிட்டார். எதை வைத்து அடையாளம் சொல்வார்? கோயிலும் போய்விட்டது.

எச்சரிக்கை வந்தபோதே ஏன் போகவில்லை என்று கொழும்பில் பலர் கேட்டார்கள். நானும் அந்தக் கேள்வியை எழுதியவன்தான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எங்கே போவது? நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை விட்டால் காம்பராவும் இல்லை. வேறு மலையில் ஒரு குடிசை போட ஏழு பேர்ச் காணி வேண்டும். அந்த ஏழு பேர்ச் பேச்சே இந்த அழிவுக்குப் பின்னர்தான் வலுத்தது. அதுவரை அபாய வரைபடம் அந்த மக்களுக்குச் சொன்னது, நீங்கள் இருக்கக்கூடாத இடம் இது என்பதை மட்டுமே. இருக்கக்கூடிய இடத்தைக் காட்டும் வரைபடத்தை எவரும் வரையவில்லை. தப்பியவர்கள் இயங்காத ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டு கிடந்து, 2016 ஒக்டோபரில் மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகளுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையக மாவட்டங்கள் அடங்கலும் சரிந்தன. நாடு முழுவதும் இறந்தோர் அறுநூறுக்கும் மேல்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். மூணாறில் வரையாடு பார்க்கப் பயணிகள் வரிசையில் நிற்கும் இராசமலைக்கு அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை இறங்கி, லயங்களில் உறங்கிய 70 பேரைக் கொண்டுபோனது. அவர்களுள் பலருக்குக் கயத்தாறுதான் பூர்விக ஊர். 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும். அங்கும் தேயிலை, அங்கும் பாடி என்று அழைக்கும் வரிசை வீடுகள், அங்கும் சுற்றுலா விடுதிகள். இறந்தவர்களின் பெயர்களை வாசித்தால் இந்த மூன்று இடங்களும் ஒரே ஊர் என்று தோன்றும்.

இவ்வளவையும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று தயங்கினேன். சொன்னேன். தொலைபேசியில் இரண்டு இரவுகள். முதல் இரவு அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் இரவு தானாகவே ஒரு வழியைச் சொன்னாள். “கட்டங்களை மாற்றுகிறேன், பெரியப்பா.” ஐந்து கட்டங்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்தாள்: அங்கே வேலை செய்வோர் யார்? அவர்கள் இரவில் எங்கே உறங்குகிறார்கள்?

இந்த இரண்டு கேள்விகளும் வந்ததும் மற்ற பதினொரு பெட்டிகளும் வேறு மாதிரி ஆகிவிட்டன. அனகைமில் பூங்கா ஊழியர் சிலர் வாடகை கொடுக்க முடியாமல் வண்டிக்குள் உறங்கிய செய்தியை அவளே தேடி எடுத்தாள். கட்டணக் கட்டத்துக்கும் ஒரு துணைக்கணக்கு வந்தது. டிஸ்னிலாந்தில் கூட்டம் மிகுந்த நாளொன்றின் சீட்டு 200 டொலரைத் தாண்டிவிட்டது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி சொன்னது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால், அந்த ஒரு சீட்டுக்கு நாற்பத்துநான்கு நாளுக்கு மேல் கொழுந்து எடுக்கவேண்டும். கணக்கில் பிழையில்லை என்று இரண்டு தரம் சரிபார்த்தாள். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி.

பன்னிரண்டாவது புள்ளியாக லிப்டன் சீட்டை வைத்தாள். தீம் பார்க் அல்ல என்று ஆசிரியை மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். காரணம் எழுதியிருக்கிறேன் என்றாள். பெட்டிக்குள் கருப்பொருள் என்ற இடத்தில் ‘தேயிலையும் ஒரு பணக்காரரின் நாற்காலியும்’ என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சாம்பல் நிறத்தில் பதின்மூன்றாவது புள்ளி ஒன்று வைக்கப்போவதாகவும், அதற்குக் கட்டணம், வருகையாளர் போன்ற கட்டங்கள் எதையும் நிரப்பப்போவதில்லை என்றும் சொன்னாள். பெயரை மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவாளாம்.

புள்ளியை எங்கே வைப்பது என்பதுதான் தகராறு. செய்மதிப் படத்தில் அந்த இடத்தில் பச்சை மூடியிருக்கிறது. என் தம்பி வேலை முடிந்து வந்து சட்டையும் மாற்றாமல் மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தான். ஊரைவிட்டுப் போய் முப்பது வருடம். அந்த 2014இலும் அவனால் வர முடியவில்லை. அவள் ஓரிடத்தில் புள்ளியை வைத்தாள்.

“அங்கே இல்லை,” என்றான். “அது பீலிக்கரை. கோயில் இன்னும் மேலே. இன்னும் கொஞ்சம். அந்த வளைவு தெரிகிறதா? அதற்கு இந்தப் பக்கம்.”

அவள் புள்ளியை மெல்ல மேலே நகர்த்தினாள்.